மும்பையில் கோத்தம் இருக்கும் இடம்

ஓவல் மைதானத்தின் நடுவில் நின்று கிழக்கே பார்த்தால் பேட்மேனின் கோத்தம். அப்படியே மேற்கே திரும்பினால் சூப்பர்மேனின் மெட்ரோபோலிஸ். கிழக்கில் மும்பைப் பல்கலைக்கழகம், ராஜாபாய் மணிக்கூண்டு, உயர் நீதிமன்றம், பழைய செயலகம் என்று வரிசையாக விக்டோரியா காலத்து கோதிக் கட்டடங்கள்: கூர்வளைவுகள், மழையில் கறுத்த கல், வானத்தைப் பார்த்து நிற்கும் கோபுரங்கள். மேற்கில், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் 1930களில் எழும்பிய ஆர்ட் டெகோ அடுக்குமாடிகள்: உருண்ட மூலைகள், வெளிர் மஞ்சளும் இளம்பச்சையுமாகப் பூச்சு, சூரியக் கதிர் வடிவத்தில் இரும்புக் கிராதிகள். நடுவில் புல்தரை மட்டும்தான். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மும்பை போவதென்று முடிவானதுமே இந்த மைதானத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். சூப்பர்ஹீரோ படங்களில் எனக்கு எப்போதுமே ஹீரோவைவிட ஊர்தான் பிடிக்கும். சூப்பர்மேனின் ஊருக்கு மெட்ரோபோலிஸ் என்று 1939இல் பெயர் வந்தது, பேட்மேனின் ஊருக்கு கோத்தம் என்று 1940இல். அமெரிக்காவில் ஆர்ட் டெகோ வானளாவிகள் புதுசாக மின்னிக்கொண்டிருந்த காலம் அது. 1941இல் வந்த சூப்பர்மேன் கார்ட்டூன்களிலேயே அந்த பாணி முழுசாக இருக்கிறது. கோத்தம் பிற்பாடு மெல்ல மெல்ல இருட்டுக்குப் போனது. 1992இல் தொடங்கிய பேட்மேன் அனிமேஷன் தொடருக்குப் பின்னணிகளைக் கறுப்புத் தாளில் தீட்டினார்கள். வெளிச்சம் விழும் இடத்துக்கு மட்டும் வண்ணம், மற்றபடி தாளின் கறுப்பே இரவு. சின்ன வயதில் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

என்னோடு வந்தவள் அக்கா மகள். சயான் கோலிவாடாவில் பிறந்து வளர்ந்தவள், தினமும் ஹார்பர் லைன் லோக்கல் ரயில் பிடித்துக் கல்லூரிக்குப் போகிறவள். நான் கோபுரத்தையும் வளைவையும் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே போனதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். மைதானத்தில் ஒரே நேரத்தில் பல கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. ஒரு ஆட்டத்தின் ஃபீல்டர் இன்னொரு ஆட்டத்தின் பிட்ச் பக்கத்தில் நிற்கிறார், யாருக்கும் குழப்பமில்லை. அதைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்: "மாமா, அந்தப் படங்கள்ல வர்ற ஊர்ல யாராவது வேலைக்குப் போய்ட்டு வீட்டுக்குத் திரும்புற மாதிரி காட்டுறாங்களா?"

அதற்கப்புறம் அந்தப் பயணம் முழுக்க நான் அந்தக் கேள்வியோடுதான் சுற்றினேன். சாதாரண மனுஷர் ஒருவர் அந்த ஊரில் எப்படி வீடு போய்ச் சேருவார் என்று தெரிந்தால் அந்த ஊர் திரையில் உயிரோடு இருக்கிறது. தெரியாவிட்டால், எவ்வளவு பணம் கொட்டியிருந்தாலும் அது வெறும் பின்னணிதான்.

1989இல் வந்த டிம் பர்ட்டனின் பேட்மேனை எடுத்துக்கொள்வோம். கலை இயக்குநர் ஆன்டன் ஃபர்ஸ்ட், இங்கிலாந்தில் பைன்வுட் ஸ்டுடியோவின் வெளிப்புறத் திடலில் கோத்தத்தின் தெருவையே எழுப்பினார். அதற்கு மேலே தெரியும் ஊரெல்லாம் மினியேச்சரும் ஓவியமும். எந்தத் திட்டமும் இல்லாமல், எந்தக் காலத்துக் கட்டடமும் எதன் மேலும் ஏறி நிற்கும் ஊர் அது. ஆஸ்கர் கிடைத்தது, தகும். அதைவிட எனக்கு ஆச்சரியம் பின்னால் நடந்தது. படத்தின் ஊர் எல்லோர் மனசிலும் அப்படிப் பதிந்துவிட்டதால், 1992இல் காமிக்ஸ்காரர்கள் தங்கள் ஊரை அதற்கேற்ப மாற்ற வேண்டியதாகிவிட்டது. அதற்காகவே ஒரு கதை எழுதினார்கள். பழைய கட்டடங்கள் மேல் பைத்தியமான ஒருவன், அவற்றை மறைத்து நிற்கும் நவீனக் கட்டடங்களைக் குண்டு வைத்துத் தகர்க்கிறான். பின்னாலிருந்து பழைய கோதிக் கோத்தம் வெளியே வருகிறது. மும்பையில் நடப்பது இதற்கு நேர்மாறு. லோயர் பரேல் பக்கம் போனால், பஞ்சாலைப் புகைபோக்கிகள் கண்ணாடிக் கோபுரங்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன.

ஓவலிலிருந்து ஃபோர்ட் பக்கம் நடந்தோம். மகாத்மா காந்தி சாலையில் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் கட்டடம் இருக்கிறது, 1936இல் கட்டியது. வாசலுக்கு எதிரில் நின்று அண்ணாந்து பார்க்காமல் யாரும் போகக் கூடாது. முகப்பில் பிரம்மாண்டமான கல் உருவங்கள் விறைப்பாக நிற்கின்றன. 1995இலும் 1997இலும் வந்த ஜோயல் ஷூமாக்கரின் பேட்மேன் படங்களில் இதே மாதிரி ராட்சத சிலைகள் ஊர் முழுக்க நிற்கும். சிலையின் கைமேல் சாலை போகும், தோள்மேல் கட்டடம் இருக்கும். அந்தச் சிலைகள் யாருடையவை, அங்கே ஏன் நிற்கின்றன என்று படம் சொல்லாது. இங்கே அப்படியில்லை. இந்தக் கட்டடத்தின் புடைப்புச் சிற்பங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால் உழவர் தெரிகிறார், நூல் நூற்கும் பெண் தெரிகிறாள். செய்தவர் என்.ஜி. பன்சாரே. பெண்ணின் சேலைக் கொசுவம்கூட நேர்க்கோடுகளாக, ஆர்ட் டெகோ முறையில் இறங்குகிறது. வேலை செய்கிறவர்களை இந்த உயரத்துக்குத் தூக்கி நிறுத்திய தெரு எந்த கோத்தத்திலும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் சி.எஸ்.எம்.டி. என்கிற சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1888இல் கட்டி முடித்த ரயில் நிலையம். கோதிக் கோத்தத்துக்கு இதைவிட நல்ல மாதிரி உலகத்தில் வேறு இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். வாசல் தூண்களில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் புலி. சுவரில் மயில், குரங்கு, இலை, கொடி என்று பார்க்கப் பார்க்கத் தீராது. செதுக்கியதில் அப்போது பம்பாய் ஓவியப் பள்ளியில் படித்த மாணவர்களின் கையும் உண்டு. 2011இல் வந்த ரா.ஒன் படத்தில் ஓடும் லோக்கல் ரயில் இந்தக் கட்டடத்துக்குள் புகுந்து முகப்பையே இடிக்கும். எல்லாம் கிராஃபிக்ஸ்தான். சிட்டி ரோபோவாக ரஜினி தலைகாட்டிய படம் என்பதால் நம் ஆட்கள் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு அந்தக் காட்சியில் ஒரு மனக்குறை. ரயில் வருகிறது, கட்டடம் விழுகிறது, ஆனால் அந்த நிலையத்தின் கூட்டம் எங்கே? நாங்கள் போனபோது சாயங்கால நெரிசல் ஆரம்பமாகியிருந்தது. இண்டிகேட்டரை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறார்கள், அதோடு சரி, கால்கள் தானாகவே சரியான பிளாட்ஃபாரத்துக்குத் திரும்புகின்றன. மேலே கல்லில் செதுக்கிய குரங்குகளை யாருமே பார்ப்பதில்லை. இந்த இரண்டும் ஒரே ஃபிரேமில் வந்தால் எப்படி இருக்கும்!

கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் பிகின்ஸ் (2005) இந்த விஷயத்தில் எனக்கு ரொம்ப நெருக்கமான படம். பேட்மேனின் குடும்பமான வேன் (Wayne) குடும்பம் ஊருக்காகக் கட்டிக்கொடுத்த மோனோரயில் அதில் வருகிறது. பேட்மேனின் அப்பா சின்னப் பையனை அதில் கூட்டிக்கொண்டு போவார். ரயில் பளபளவென்று இருக்கும், மக்கள் நிறைந்திருப்பார்கள். வருஷங்கள் கழித்து அதே ரயில் அழுக்கும் கிறுக்கலுமாக ஓடும். ஊர் என்ன ஆனது என்பதைச் சொல்ல ஒரு வசனம் தேவைப்படவில்லை. மேலே தெரியும் ஊருக்குப் பெரும்பாலும் சிகாகோவைப் பயன்படுத்தினார்கள். குடிசைகளும் இடுக்கான சந்துகளும் நிறைந்த 'நாரோஸ்' பகுதியை இங்கிலாந்தில் கார்டிங்டன் என்ற இடத்தில், ஒரு காலத்தில் ராட்சத ஆகாயக் கப்பல்களை நிறுத்திய கொட்டகைக்குள் செட் போட்டார்கள். கொட்டகைக்குள் என்பதால் இரவும் மழையும் அவர்கள் கையில். அடுத்த படம் தி டார்க் நைட் (2008) வந்தபோது மோனோரயிலும் இல்லை, நாரோஸும் இல்லை. சிகாகோவை அப்படியே காட்டிவிட்டார்கள். படம் பெரிய படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர் போய்விட்டதே என்ற ஏக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மும்பையின் மோனோரயிலில் ஏறும்போது இதெல்லாம்தான் மனசில் ஓடியது. அக்கா வீட்டிலிருந்து ஜி.டி.பி. நகர் நிலையம் பக்கம். 2014இல் செம்பூருக்கும் வடாலா டெப்போவுக்கும் இடையே ஆரம்பித்து, 2019இல் ஜேக்கப் சர்க்கிள் வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு நீட்டினார்கள். நாங்கள் செம்பூர் பக்கம் போனோம். ஒற்றைத் தண்டவாளத்தில் மூன்றாவது மாடி உயரத்தில் வண்டி வளைந்து போகிறது. ஜன்னலுக்கு வெளியே உப்பளம், அப்புறம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் உருண்டைத் தொட்டிகள், குழாய்கள், புகை. உள்ளே பாதி இருக்கை காலி. நோலன் படத்தில் வரும் அந்தப் பழைய ரயிலின் தனிமை அப்படியே இருந்தது. (2025 செப்டம்பரில் சீரமைப்புக்காகச் சேவையை நிறுத்தினார்கள். போக நினைப்பவர்கள் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

நாரோஸுக்கு மாதிரியாக இருந்தது ஹாங்காங்கின் கவுலூன் மதில் நகரம். ஏறக்குறைய 2.6 ஹெக்டேரில் சுமார் 33,000 பேர் வாழ்ந்த இடம். 1993, 94இல் இடித்துவிட்டார்கள். அங்கே பல் மருத்துவர்கள் இருந்தார்கள், மீன் உருண்டை செய்யும் பட்டறைகள் இருந்தன, மொட்டை மாடியில் பிள்ளைகள் விளையாடினார்கள். படத்தில் வந்தபோது அந்த வேலையெல்லாம் காணாமல் போய், பயமும் புகையும்தான் மிச்சம். இது எனக்கு உறுத்தும். காரணம் தாராவி.

தாராவியில் அக்காவின் மாமியார் வழி உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்த குடும்பம். 90 அடி சாலையிலிருந்து உள்ளே திரும்பி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்ப வேண்டிய சந்தில் அவர் வீடு. கீழே தையல் மெஷின்கள், மேலே குடித்தனம். நீல நிறக் குடிநீர் டிரம் வாசலில், அதன் மூடிமேல் காயவைத்த வற்றல். ஏணிப்படியின் கைப்பிடிக் கயிறு பல வருஷத்துக் கைகள் பட்டு வழவழவென்று கறுத்திருந்தது. டீ கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, எந்தப் படக்காரன் வந்தாலும் எங்க சந்துல ஓடத்தான் வர்றான். போலீஸ் துரத்துது, இவன் ஓடுறான். ஒருத்தனாவது நடந்து வர்ற மாதிரி எடுக்கச் சொல்லு." ரஜினியின் காலாவுக்காகச் சென்னையில் தாராவியை செட் போட்டதைப் பற்றியும் பேசினார். அந்தப் படத்தில் ஆட்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சமைக்கிறார்கள் என்பதில் அவருக்குத் திருப்தி.

நடந்து வருகிற மாதிரி எடுத்த சூப்பர்ஹீரோ படம் என்றால் எனக்கு பிளாக் பேந்தர் (2018) ஞாபகம் வருகிறது. அதில் வரும் வகாண்டா என்ற கற்பனை நாட்டை வடிவமைத்த ஹன்னா பீச்லர், கேமரா ஓடுவதற்கு முன்பே அந்த நாட்டின் வரலாறு, இனக்குழுக்கள், கட்டடங்கள் என்று ஒரு தடிமனான கையேடே தயாரித்துவிட்டார். தயாரிப்பு வடிவமைப்புக்கான ஆஸ்கரை வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். படத்தில் ராஜா கடைத்தெருவில் சாதாரணமாக நடந்து போவார். இரு பக்கமும் கடைகள், மேலே ரயில். தலைநகரின் பெரிய கோபுரங்களைவிட அந்தச் சின்னக் காட்சிதான் வகாண்டாவை நம்ப வைத்தது.

2023இல் வந்த ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸில் மும்பாட்டன் வருகிறது, மும்பையையும் மன்ஹாட்டனையும் குழைத்த ஊர். 1970களின் இந்திரஜால் காமிக்ஸ் நிறங்களை மனசில் வைத்து வரைந்தார்கள். அச்சு கொஞ்சம் விலகின மாதிரி வண்ணங்கள், அடுக்கடுக்காக மேலே போகும் கட்டடங்கள், ஒவ்வொரு அடுக்கிலும் போக்குவரத்து. அந்த ஊர் ஸ்பைடர்மேன் பவித்ர் பிரபாகர் தன் ஊரைச் சுற்றிக் காட்டும்போது முதலில் காட்டுவதே டிராஃபிக்கைத்தான். தமிழ் டப்பிங்கில் இதைப் பார்த்த அக்கா மகள் அன்று இரவு சொன்னாள்: "அதுல மட்டும் எல்லாரும் எங்கேயோ போய்க்கிட்டே இருக்காங்க மாமா. அதான் நம்ம ஊர்னு நம்ப முடிஞ்சுது."

சொன்னது ஜே.ஜே. மேம்பாலத்தில், டாக்சியில். முகமது அலி சாலைக்கு மேலே போகும் அந்தப் பாலத்தில் இரண்டு பக்கமும் வீட்டு ஜன்னல்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் வருவதாகத் தோன்றும். ஒரு ஜன்னலில் டிவி, அடுத்ததில் துணி மடிக்கும் பெண், அடுத்ததில் மசூதி மினாரின் பச்சை விளக்கு. மும்பாட்டனைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் இந்தப் பாலத்தில் வடக்கிலிருந்து தெற்காக வாருங்கள். பாலம் இறங்கியதும் கொஞ்ச தூரத்தில் சி.எஸ்.எம்.டி. விளக்கு போட்டு நிற்கும். ஓவலுக்கு மட்டும் பகலில் போக வேண்டும். சர்ச்கேட்டில் இறங்கி நடந்துவிடலாம். 'கோர்ட் வியூ' என்று முகப்பில் அழகாக எழுத்துப் பதித்த வீட்டிலிருந்து தொடங்கி, மேற்கு ஓரமாக ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் படித்துக்கொண்டே தெற்கே போங்கள். மாலை வெயில் மேற்கிலிருந்து விழும்போது எதிரே மணிக்கூண்டின் சிற்பங்கள் துலக்கமாகத் தெரியும்; கேமரா இருந்தால் அந்த நேரத்துக்குக் காத்திருங்கள்.