வர எனக்குக் கஷ்டம்

மும்பையில் மாட்டுங்காவில் வீடு, அந்தேரியில் வேலை. போன மழையில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியதும் மேனேஜருக்கு அவசரமாகத் தட்டினேன்: 'ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம்.' 'யெஸ், யூ ஆர்' என்று பதில் வந்தது. நான் முரண்டு பிடிக்கிற ஆளாம்!

மனதில் ஓடியது 'வர எனக்குக் கஷ்டம்'. இங்கிலீஷில் இறக்கும்போது அந்த 'எனக்கு'வைத் தொலைத்துவிட்டேன். 'இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு கம்' என்றிருக்க வேண்டும். 'ஃபார் மீ'தான் நம் 'எனக்கு'. ஆளின் குணத்தைச் சொன்னால் மட்டும் 'இட் இஸ் கைண்ட் ஆஃப் யூ டு கால்' என்று 'ஃபார்' இடத்தில் 'ஆஃப்' வந்துவிடும்.

'மை டிசிஷன் டு லீவ்' இன்னொரு கூத்து. தமிழில் 'என் போக முடிவு' என்றால் சிரிப்பார்கள். 'போக நான் எடுத்த முடிவு' என்று நடுவில் ஒரு வினை சேர்த்தால் சரியாகும்.

மேனேஜர் இன்னும் என்னை 'மிஸ்டர் டிஃபிகல்ட்' என்றுதான் கூப்பிடுகிறார்.