8 வினாடி வெளிச்சம்

மார்ச் 20, 2019, புதன்

ஆப்பிளின் கம்பியில்லா இயர்போன், ஏர்பாட்ஸ், இரண்டாம் தலைமுறை வந்துவிட்டது. வயர்லெஸ் சார்ஜிங் கேஸோடு 18,900 ரூபாய், சாதாரண கேஸோடு 14,900. கேஸ் மட்டும் தனியாக 7,500. பழைய ஏர்பாட்ஸும் இதில் உட்காரும். 2017 செப்டம்பர் 12 அன்று மேடையில் காட்டிய கேஸ், ஒன்றரை வருடம் கழித்துக் கடைக்கு வருகிறது. அதோடு சேர்த்துக் காட்டிய ஏர்பவர், போன், வாட்ச், ஏர்பாட்ஸ் கேஸ் மூன்றையும் ஒரே நேரத்தில் கம்பியில்லாமல் ஏற்றும் பலகை, பற்றி ஆப்பிள் இன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

மார்ச் 21

விலைப்பட்டியலை மறுபடியும் பார்த்தாயிற்று. ஏர்பவர் இல்லை.

மார்ச் 23, சனி

சாதாரண கியூஐ பேடை (கியூஐ என்பது வயர்லெஸ் சார்ஜிங்கின் பொதுத் தரம்) பிரித்தால் உள்ளே ஒரு செம்புச் சுருள், அதன் அடியில் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் தகடு. சும்மா இருக்கும்போது பேட் விட்டுவிட்டு ஒரு சின்னத் துடிப்பை அனுப்பிப் பார்க்கும். மேலே போன் இருந்தால், அது தன் பக்கத்துச் சுமையைக் கூட்டிக் குறைத்துப் பதில் சொல்லும்: இவ்வளவு வேண்டும், இப்போது குறை, போதும். மின்சாரம் போகிற அதே காந்தப்புலத்தில்தான் இந்தப் பேச்சும் நடக்கிறது. இரண்டு சுருளும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். ஒரு விரல் அகலம் விலகினாலே பிடிப்பு தளர்ந்து, போக வேண்டியதில் ஒரு பங்கு சூடாக வீணாகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் ஏறவே ஏறாது.

ஏர்பவர் மாதிரி எங்கே வைத்தாலும் ஏற வேண்டுமென்றால் இடைவெளி விடாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல் சுருள்களைப் பரப்ப வேண்டும். ஒரு சுருளின் புலம் பக்கத்துச் சுருளிலும் சுற்றியுள்ள உலோகத்திலும் மின்னோட்டத்தைக் கிளப்பும். அதுவும் சூடுதான். போனுக்கு 7.5 வாட், கேஸுக்கு அதில் சிறு பங்கு போதும். வாட்ச்சோ கியூஐ பேடில் ஏறாது, அதன் முறையே வேறு. மூன்றும் ஒரே பலகையில்.

நடுவில் நாணயம் கிடந்தால் அதையும் கண்டுபிடித்தாக வேண்டும். அனுப்பிய வாட்டையும், வந்து சேர்ந்ததாகக் கருவி சொல்லும் வாட்டையும் ஒப்பிட்டு, நடுவில் காணாமல் போனதை வைத்துத்தான் பேட் கண்டுபிடிக்கிறது. மூன்று கருவி இருக்கும்போது காணாமல் போனது எதன் கணக்கு? இங்கேதான் இடிக்கிறது.

மார்ச் 25, இரவு

10.30க்கு ஆரம்பித்த ஆப்பிள் நிகழ்ச்சி. டிவி, செய்தி, விளையாட்டு, கிரெடிட் கார்டு. அவ்வளவுதான், ஏர்பவர் இல்லை.

மார்ச் 26

ஐபோன் எக்ஸ்எஸ் பெட்டிக்குள் இருந்த கையேட்டில் அச்சிட்டிருக்கிறது: போனை ஏர்பவர் மேலோ கியூஐ சார்ஜர் மேலோ திரை மேலே இருக்கும்படி வைக்கவும். வாங்கியவர் இதைப் படித்துவிட்டு எதன் மேல் வைப்பார்? இல்லாத பொருளைக் கையேட்டில் போடுவது பெரிய தப்பு. அதை நம்பித்தான் ஜனம் கேஸுக்கு 7,500 கொடுக்கிறது.

மார்ச் 28

கேஸின் பெட்டியிலும் ஏர்பவர் படம்! அப்படியானால் வருகிறது. வராமலா அச்சடிப்பார்கள்?

கேஸ் நன்றாகவே இருக்கிறது. விளக்கு இப்போது முன்பக்கம், வெளியே. மூடியைச் சாத்தி, விளக்கு மேலே பார்க்க, பேடின் நடுவில் படுக்க வைக்க வேண்டும். விளக்கு 8 வினாடி எரிந்து தானாக அணையும். ஆரஞ்சு என்றால் ஏறுகிறது, பச்சை என்றால் நிறைந்துவிட்டது. அணைந்ததும் நின்றுவிட்டது என்று எடுத்துவிடக் கூடாது, உள்ளே ஏறிக்கொண்டுதான் இருக்கும். நிமிர்ந்து நிற்கும் ஸ்டாண்டு இதற்குச் சரிப்படாது. அதில் சுருள் போனின் நடுமுதுகுக்கு ஏற்ற உயரத்தில் இருக்கும், கேஸ் கீழே விளிம்பில் நின்றுவிடும்.

மார்ச் 30, சனி

ஏர்பவர் ரத்து. நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டி வந்திருக்கிறது. வன்பொருள் பொறியியல் தலைவர் டான் ரிச்சியோவின் அறிக்கை: தங்கள் உயர்ந்த தரத்தை இது எட்டாது, காத்திருந்தவர்களிடம் மன்னிப்பு. பதினெட்டு மாதம்.

பெட்டிப் படம் மேஜை மேலேயே இருக்கிறது.

மார்ச் 31

ஏர்பவருக்குப் பதில் நானே செய்தது: இரண்டு தனித்தனி பேட், வாட்ச்சின் சார்ஜிங் வட்டு, ஒரு மரப்பலகை. பேடுகளுக்கு நடுவே ஒரு சாண். போன் பெட்டியில் வந்த 5 வாட் அடாப்டர் பேடுக்குப் பத்தாது. போனுக்குள் 5 வாட் போக வேண்டுமானால் சுவரிலிருந்து அதைவிடக் கூடுதலாக இழுக்க வேண்டும், வழியில் வீணாவது இருக்கிறதே. பேடின் கையேடு கேட்கும் அடாப்டரையே போட வேண்டும். கார் காந்தத்துக்கு ஒட்டிய இரும்புத் தகட்டைப் போன் உறையிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தகடுதான் சுடும். ராத்திரி அறிவிப்பு வந்து அதிரும்போதெல்லாம் கண்ணாடி முதுகு மெல்ல நகர்கிறது. விளிம்பில் நான்கு ரப்பர் பொட்டு. கேஸுக்கு நடுவில் சிவப்பு ஸ்டிக்கர்.

ஏப்ரல் 3

அறையில் 34 டிகிரி. போன் 80 சதவீதத்தில் நின்றுவிட்டது. சூடானால் அதற்கு மேல் ஏற்றாது. பலகையை ஜன்னலோரத்திலிருந்து மாற்றியாயிற்று.

ஏப்ரல் 5

விளக்கு ஆறு எண்ணுவதற்குள் அணைந்துவிட்டது. ஸ்டிக்கரை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி ஒட்ட வேண்டும்.