மாதுளையைக் கீறிப் பிரிக்கும் முறை கைவந்துவிட்டது

மாதுளையைக் குறுக்கே வெட்டுவதை நிறுத்திவிட்டேன். அப்படி வெட்டினால் கத்தி போகிற வழியில் உள்ள முத்தெல்லாம் நசுங்கி, நல்ல சாறு பலகைக்குத்தான் போகிறது.

இப்போது செய்வது இதுதான். பழத்தின் தலையில் கிரீடம் மாதிரி இருக்கிறதே, அதைச் சுற்றித் தோல் கனத்துக்கு மட்டும் வட்டமாகக் கீறி, மூடியைப் போல எடுத்துவிடுகிறேன். உள்ளே வெள்ளைச் சவ்வு நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரிந்து போவது தெரியும். அது தோலைத் தொடுகிற இடங்களில் மேலிருந்து கீழாக லேசாகக் கீறி, கட்டைவிரல்களை நடுவில் கொடுத்து விரித்தால் பழம் துண்டு துண்டாகப் பிரிகிறது. ஒரு முத்தும் உடைவதில்லை. அடிப்பக்கத்து அறைகள் மட்டும் மேல் அறைகளின் கோட்டில் வராது; அங்கே பொறுமையாகக் கையால்தான் உதிர்க்க வேண்டும்.

தண்ணீரில் போட்டு உதிர்த்தும் பார்த்தேன். முத்து அடியில் தங்கிவிடும், சவ்வு மிதந்து வந்துவிடும், சட்டையில் கறை படாது. ஆனால் உடனே சாப்பிட உலர உதிர்த்ததுதான் எனக்குப் பிடிக்கிறது. ஈரமான முத்து ஃபிரிட்ஜில் சீக்கிரம் கெட்டுப்போகிறது.

பழம் எடுப்பதிலும் கண் பழகிவிட்டது. பறித்த பிறகு மாதுளை பழுக்காது, அதனால் 'வீட்டில் வைத்தால் இனிக்கும்' என்ற பேச்சே கிடையாது. உருண்டையாக இருப்பதைவிட, பக்கங்கள் தட்டையாகி மூலை தெரிகிற, கைக்குக் கனமான பழத்தையே எடுக்கிறேன். தோல் நிறத்தை நம்புவதில்லை. கணேஷ் ரகம் வெளியே மஞ்சளோடிய சிவப்பு, உள்ளே இளஞ்சிவப்பு; ஆனாலும் இனிப்பு, விதையும் மெத்து. கடைகளில் அதிகம் வருகிற பகவா உள்ளேயும் நல்ல சிவப்பு.

சாப்பிடும்போது விதையைத் துப்பக் கூடாது என்பது என் கட்சி. ஒரு கரண்டி முத்தை மொத்தமாக வாயில் போட்டு மென்றால்தான் சாறும் மொறுமொறுப்பும் சேர்ந்து வரும். தயிர்சாதத்தில் போடுவதானால் பரிமாறும்போது மேலே தூவுங்கள். முன்பே பிசைந்தால் சாதம் ரோஸ் ஆகிவிடும். ஜூஸுக்கு மிக்சியை விட்டு விட்டு இரண்டு சுற்று சுற்றினால் போதும். விதை அரைபட்டால் துவர்ப்பு ஏறிவிடும்.

அடுத்து அனார்தானா, அதாவது உலர்த்திய மாதுளை விதை, செய்து பார்க்க ஆசை. அதற்கு பகவா சரிப்படாது, புளிப்புப் பழம் வேண்டும். இமாச்சல் மலைகளில் காட்டில் விளைகிற தாரு என்ற மாதுளையில்தான் அதைச் செய்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.