சாவி கொடுக்கிற காரின் ஸ்பிரிங்கை அளந்து பார்த்தேன்

மூன்று வாரமாக ஒரு தகரக் கார் என் மேஜையில் பிரித்தபடியே கிடக்கிறது. 5 சுற்று சாவி கொடுத்தால் 18 நொடி ஓடும். நம் விரல் கொடுத்த வேலை எங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது, எப்படித் திரும்பி வருகிறது என்பதை எண்ணாகப் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

உள்ளே இருப்பது ஒரு எஃகுப் பட்டை: 7 மி.மீ. அகலம், கால் மி.மீ. தடிமன், நீட்டினால் 65 செ.மீ. நீளம். ஒரு முனை சாவி அச்சிலும் இன்னொரு முனை சட்டத்திலும் மாட்டியிருக்கும். சாவியைத் திருப்பும்போது பட்டை இழுபடுவதில்லை, வளைகிறது. ஒவ்வொரு வளையமும் தன் இயல்பான வளைவை விட இன்னும் இறுக்கமாக வளைக்கப்படுகிறது, அந்த வளைவில்தான் ஆற்றல் தங்குகிறது. கையை எடுத்தவுடன் திரும்பிச் சுழலாமல் தடுப்பது பல்லில் விழுந்து நிற்கும் ஒரு சின்னக் கொண்டி. இங்கே ஒரு எச்சரிக்கை: முறுக்கு முழுதாக இறங்காத பட்டையைக் கழற்றாதீர்கள். எனக்கு முனை விடுபட்டு விரலைக் கிழித்துவிட்டது, கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது.

சரி, அளந்த விதம். சாவிக்குப் பதில் 10 செ.மீ. குச்சி ஒன்றை அச்சில் பொருத்தி, நுனியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, குச்சி படுக்கையாக நிற்கும் ஒவ்வொரு முழுச் சுற்றிலும் அது கீழே இறங்கத் தொடங்கும்வரை மணலைக் கொட்டினேன். ஆரம்பத்தில் 20 கிராம் (முறுக்காத போதும் பட்டையில் கொஞ்சம் இறுக்கம் மிச்சம் இருக்கிறது), பிறகு 40, 58, 75, 93, கடைசியாக 125. நடுவில் சுற்றுக்கு ஏறத்தாழ 18 கிராம் என்று சீராக ஏறுவதைப் பாருங்கள், எவ்வளவு வளைக்கிறோமோ அதே விகிதத்தில் எதிர்விசையும் ஏறும் என்று 1678-ல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி கண்ணெதிரே நிற்கிறது. பட்டையின் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டாலும் அதே 18 வந்தது, அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. அந்தக் கணக்கில் தடிமன் மும்மடியாக வரும், அதாவது பட்டை இரட்டிப்புத் தடிமனாக இருந்தால் எட்டு மடங்கு விறைப்பு. ஐந்தாவது சுற்றில் மட்டும் எடை எகிறுவதற்குக் காரணம், உள் வளையங்கள் அச்சோடு ஒட்டிப்போய்விடுவதால் வளைவதற்கு மிச்சமிருக்கும் நீளம் குறைந்துவிடுகிறது.

மொத்தம் கூட்டினால் உள்ளே போனது சுமார் 2.1 ஜூல். ஒரு கிலோ எடையை 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே தூக்கும் வேலை, அவ்வளவுதான்.

அப்புறம் கொண்டியை நூலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணலைக் குறைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்: 100, 78, 62, 47, 32, 14. போகும்போது 75 கேட்ட மூன்றாவது சுற்று, வரும்போது 62-தான் தாங்குகிறது. திரும்பக் கிடைத்தது 1.7 ஜூல். மிச்சம் பெரும்பாலும் வளையங்கள் ஒன்றோடொன்று உரசிய சூடாகப் போய்விட்டது. துடைத்துவிட்டு மெல்லிசாக கிரீஸ் தடவியபின் இந்த இடைவெளி குறைந்தது கையிலேயே தெரிந்தது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது சேமிப்பு அல்ல, விடுவிப்பு. கடைசிப் பல்சக்கரத்தின் பற்களில் மாறிமாறி இடிபட்டு ஆடும் ஒரு தகட்டுத் துண்டு இருக்கிறது, ஓடும்போது வரும் ‘கர்ர்ர்’ சத்தம் அதனுடையது. அதைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களை அந்தரத்தில் வைத்து விட்டேன்: ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்தது, மேஜையே அதிர்ந்தது. திரும்ப மாட்டினால் அதே 18 நொடி. அதன் இரு நுனியிலும் கொஞ்சம் ஈயம் வைத்துக் கனமாக்கினேன், 24 நொடி ஆகிவிட்டது. ஒவ்வொரு பல்லும் தாண்ட வேண்டுமானால் அந்தத் துண்டை நிறுத்தித் திசை திருப்பியாக வேண்டும், கனம் கூடினால் அதற்கு நேரம் கூடும்.

ஈயத்தை எடுத்துவிட்டு அந்தச் சத்தத்தை போனில் பதிவு செய்து தட்டுகளை எண்ணினேன். தொடக்கத்தில் நொடிக்கு 62, கடைசிச் சுற்றின் நடுவில் 30. விசை கால் பங்குக்கு இறங்கியிருக்கிறது, வேகமோ பாதிக்குத்தான் இறங்கியிருக்கிறது! வேகம் விசையின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்கிறது. பொம்மைக்கு இது தாராளம், கடிகாரத்துக்குப் போதாது. அதனால்தான் பழைய ஸ்பிரிங் கடிகாரங்களில் கூம்பு வடிவக் கப்பி வைத்தார்கள். முறுக்கு பலமாக இருக்கும்போது சங்கிலி கூம்பின் ஒடுங்கிய பக்கத்தை இழுக்கும், தளரத் தளர அகன்ற பக்கத்துக்கு வரும், மறுபக்கம் போகும் விசை ஒரே அளவாக இருக்கும்.

இப்போது அதைத்தான் மரத்தில் செய்துகொண்டிருக்கிறேன். ஐந்தாவது சுற்றையும் முதல் சுற்றையும் விட்டுவிட்டால் எனக்கு விசை 78-லிருந்து 32-க்கு இறங்குகிறது, அதனால் கூம்பின் ஒரு முனை 10 மி.மீ., மறுமுனை 24 மி.மீ. இழைத்தாகிவிட்டது. ஒடுங்கிய முனையில் நூல் வழுக்குகிறது, இனி சுருளாக ஒரு காடி வெட்ட வேண்டும்.