பாறை கூட்டுத்தொகை சொல்லும், மண் தேதி சொல்லும்

துருவ ஆராய்ச்சி என்றதும் பலரும் பனிச்சறுக்கு வண்டியையும் துளையிடும் கோபுரத்தையும்தான் நினைத்துக்கொள்கிறார்கள். என் வேலையின் பெரும்பகுதியோ சல்லடையோடும் அமிலத்தோடும் கழிகிறது. பனிப்படலத்தின் ஓரங்களில் வெட்டியெடுக்கப்பட்ட பாறைத் துண்டுகள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்ததும், அவற்றை நொறுக்கி, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான மணலாகச் சலித்து, காந்தத்தில் ஒட்டும் கருங்கனிமங்களை நீக்கி, எஞ்சியதை நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் நாள்கணக்கில் விட்டு, குவார்ட்ஸ் என்ற கனிமத்தை மட்டும் தூய்மையாகப் பிரித்தெடுப்பதே என் பணி. நீர்த்த நிலையில் இந்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமல் போகலாம். ஆனால் அது உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் முகக்கவசமும் இரட்டைக் கையுறையும் அணியாமல், கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல், இங்கே யாரும் அமிலப் புட்டியைத் தொடுவதில்லை.

இவ்வளவும் பெரிலியம்-10 என்ற அரிய அணுவுக்காக. வெட்டவெளியில் கிடக்கும் பாறையைக் காஸ்மிக் கதிர்கள் தாக்கும்போது, குவார்ட்ஸில் உள்ள ஆக்சிஜன் அணு உடைந்து அது உருவாகிறது. துருவப் பகுதிகளில், கடல்மட்டத்தில், ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 அணுக்கள்தான் சேரும். மேலே சில பத்து மீட்டர் தடிமனுக்குப் பனி மூடிவிட்டால் அந்தச் சேர்க்கை ஏறக்குறைய நின்றுபோகும். மாதக்கணக்கான வேலைக்குப் பிறகு கையில் மிஞ்சும் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான வெள்ளைத்தூளைத் துகள்முடுக்கியில் வைத்து எண்ணினால், அந்தப் பாறை எவ்வளவு காலம் வானம் பார்த்துக் கிடந்தது என்பது தெரிய வருகிறது.

ஆனால் தெரிய வருவது கூட்டுத்தொகை மட்டுமே. வங்கிக் கணக்கின் இருப்பைப் பார்த்து, எந்த மாதம் எவ்வளவு போடப்பட்டது என்று சொல்ல முடியுமா? இதற்கு நல்ல உதாரணம் கிரீன்லாந்தின் உச்சிப் பகுதியில் 1993இல் துளையிட்டு முடிக்கப்பட்ட ஜிஸ்ப்-2 என்ற ஆழ்துளை. அங்கே 3,053 மீட்டர் ஆழம் வரை இறங்கியவர்கள், பனிக்கு அடியிலிருந்த பாறையிலும் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு எடுத்துவந்தார்கள். அந்தப் பாறையில் பெரிலியம்-10ஐயும், அதைப் போலவே காஸ்மிக் கதிர்களால் குவார்ட்ஸில் உருவாகும் அலுமினியம்-26ஐயும் அளந்து 2016இல் வெளியான ஆய்வு, கடந்த 14 லட்சம் ஆண்டுகளில் குறைந்தது 2,80,000 ஆண்டுகள் அந்த இடம் பனியின்றி இருந்தது என்றது. அது ஒரே தொடர்ச்சியாக இருந்திருக்கலாம். அதன்பின் 11 லட்சம் ஆண்டுகள் பனி அசையாமல் நின்றிருக்கலாம். அல்லது பனியுகங்களுக்கு இடைப்பட்ட வெப்பமான காலம் ஒவ்வொன்றிலும் பனி உருகி உருகி மீண்டிருக்கலாம். இரண்டுமே அதே எண்களுக்குப் பொருந்தும். கடலோர நகரங்களின் எதிர்காலத்தைக் கணிப்பவருக்கு இந்த இரண்டும் முற்றிலும் வேறு செய்திகள் என்பதால், எண்ணிக்கை எத்தனை துல்லியமாக இருந்தாலும் பாறையை மட்டும் நம்பி முடிவு சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

தேதி வேண்டுமென்றால் மண்ணிடம்தான் போக வேண்டும். வடமேற்குக் கிரீன்லாந்தில் பனிக்குள் குடையப்பட்ட கேம்ப் செஞ்சுரி என்ற அமெரிக்க ராணுவத் தளத்தில் 1966இல் ஏறத்தாழ 1,390 மீட்டர் பனியைத் துளைத்து, அதன் அடியில் உறைந்திருந்த மண்ணையும் சுமார் மூன்றரை மீட்டர் நீளத்துக்கு எடுத்தார்கள். அன்றைக்குப் பனியின் மீதே எல்லோருக்கும் ஆர்வம். மண் பல கைகள் மாறி, கோபன்ஹேகனில் உறைபெட்டிக்குள் மறந்துபோய்க் கிடந்து, 2017இல்தான் மீண்டும் கண்ணில் பட்டது. கழுவிப் பார்த்தபோது அதில் சுள்ளிகளும் பாசியும் இருந்தன. இருளில் புதைந்த மணலில் காலப்போக்கில் சேரும் ஆற்றலை ஒளியாக வெளிவரச் செய்து அளப்பது ஒளிர்வுக் காலக்கணிப்பு. 2023இல் வெளியான அத்தகைய கணிப்பு, அந்த மணல் கடைசியாக வெயில் கண்டது சுமார் 4,16,000 ஆண்டுகளுக்கு முன்பு என்றது. பிழை எல்லை 38,000 ஆண்டுகள். அக்காலத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 280 பங்கு அளவில்தான் இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. கிரீன்லாந்து முழுவதும் அன்று பச்சையாக இருந்தது என்று தலைப்புப் போடுவோர் உண்டு. அந்த மண் சாட்சி சொல்வது தான் கிடந்த இடத்துக்கு மட்டுமே. மற்றது பனிப்படலத்தின் போக்கைக் கணினியில் போட்டுப் பார்க்கும் கணக்கு. அந்தக் கணக்கின்படி கடல்மட்டம் குறைந்தது 1.4 மீட்டர் உயரும் அளவுக்குக் கிரீன்லாந்துப் பனி உருகியிருக்க வேண்டும்.

ஒளிர்வு முறைக்கான மாதிரிகளை நாங்களும் தயாரிப்பதுண்டு. மணல்துகளில் சிக்கிய எலக்ட்ரான்களை சில நொடி வெயிலேகூடப் பெருமளவு கலைத்துவிடும் என்பதால், செம்மஞ்சள் விளக்கின் மங்கலில்தான் மண் அடங்கிய குழாயைப் பிளக்கிறோம். அந்த வெளிச்சத்தில் சாம்பல் களிமண்ணும் பழுப்பு மணலும் ஒரே நிறமாகத் தெரியும். அடுக்கு மாறுவதைக் கத்திமுனையின் நறநறப்பை வைத்துத்தான் உணர வேண்டும். வெளிச்சம் பட்டிருக்கக்கூடிய மேல்தோலைச் சீவி ஒதுக்கிவிட்டு, உள்மண்ணை மட்டும் எடுத்து மூடுகிறோம்.

பிளந்த குழாயின் ஒரு பாதியை யாரும் தொடாமல் குளிரறையில் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். ஆய்வேட்டை முடிக்க அவசரப்படும் மாணவர்கள் அதிலிருந்தும் கொஞ்சம் கேட்பார்கள்; நான் கொடுப்பதில்லை. கேம்ப் செஞ்சுரி மண்ணை மேலே கொண்டுவந்த 1966இல், மணலின் ஒளிர்வை ஒளியால் தூண்டிக் காலம் கணிக்கும் முறையே இல்லை. அது 1985இல்தான் முன்வைக்கப்பட்டது. குறைந்த அளவு குவார்ட்ஸிலிருந்து பெரிலியம்-10 அணுக்களை எண்ணும் வசதியும் அப்போது கிடையாது. அன்றைக்கு இருந்த கருவிகளுக்கே முழு மண்ணையும் செலவழித்திருந்தால், 2023இல் அளக்க எதுவும் மிஞ்சியிருக்காது.