பனியில் நிற்கும் மாடு, மாரியில் விழும் மாடு

எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவன் ஒன்ராறியோவில் ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறான். போன கார்த்திகையில் அங்கே பனி முந்திக் கொட்டிவிட்டது என்று வீடியோ அனுப்பியிருந்தான். கிடாரிகள் வெளியில் நிற்கின்றன, முதுகில் பனி கரையாமல் கிடக்கிறது, அவை தம் பாட்டுக்கு உலர்ந்த புல்லை மென்றுகொண்டிருக்கின்றன.

மட்டக்களப்பு மாவட்டத்தில் கிரான் பக்கத்து மாட்டுப் பட்டிகளுக்குப் போய்வரும் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் நான். எனக்கு உடனே 2022 டிசம்பர்தான் ஞாபகம் வந்தது. மாண்டஸ் புயல் வங்கக் கடலால் போன அந்த நாட்களில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடு, எருமை, ஆடுகள் குளிரில் செத்துப்போயின. இங்கே என்ன, தண்ணியா உறைந்தது? மழையும் வாடைக்காற்றும் விடாமல் அடித்தன, அவ்வளவுதான்.

காரணம் ஈரம். குளிர்காலத்து மயிர் அடர்ந்து, உலர்ந்தும் இருக்கிற மாடு சுழியத்துக்குக் கீழே 8 பாகை செல்சியஸ் வரைக்கும் பெரிய சிரமமில்லாமல் தாங்கும். அதே மாடு நனைந்துவிட்டால் 15 பாகையிலேயே உடம்புச் சூட்டைக் காக்கப் போராடத் தொடங்கும். முதுகில் பனி கரையாமல் கிடக்கிறதென்றால் உள்ளே இருக்கிற சூடு வெளியே போகவில்லை என்றுதான் அர்த்தம். நம்மூர் மாட்டுக்கு அந்த மயிர் கிடையாது, மாரியில் வயல் எல்லாம் விதைத்திருப்பதால் நல்ல மேய்ச்சலும் கிடையாது, வயிறு ஒட்டி, முழங்கால் தண்ணியில் நின்றபடி இரவெல்லாம் நனைந்தால் எலும்பும் தோலுமான ஒரு சீவன் எப்படித் தாங்கும்?

அந்த நாட்களில் ஒரு பட்டியில் கன்று ஒன்று கழுத்தை ஒரு பக்கம் மடித்துக் கிடந்தது. வாய்க்குள் விரலை விட்டால் நாக்கு சில்லென்று இருந்தது, சூப்பவும் இல்லை. சூப்பாத கன்றுக்குப் பால் பருக்கினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் முதலில் சாக்கால் அழுத்தித் துடைத்து, நெருப்புப் பக்கத்தில் வைக்கோல் பரப்பிக் கிடத்தி, விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தோம், கை ஓய்ந்துபோனது. விடியப்புறம் போலத்தான் விரலை மெல்ல இழுத்தது. பட்டிக்கார ஐயா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பால எடு மனே, இது பிழைச்சிரும்" என்றார்.

அந்தப் பட்டியில் இழப்பு குறைவு. ஐயா ஆவணியில் அறுக்கிற சிறுபோக வைக்கோலை எரிக்க விடாமல் ஏற்றி வந்து, மேட்டில் பரண் போட்டு, படங்கால் மூடி வைத்திருந்தார். வைக்கோலில் பெரிய சத்து இல்லைதான், ஆனால் அது இரைப்பையில் நொதிக்கும்போது வருகிற சூடு இருக்கிறதே, மாட்டுக்கு உள்ளிருக்கிற அடுப்பு அதுதான். நனைந்த மாடுகள் அந்தக் காய்ந்த வைக்கோலை இழுத்துத் தின்றதைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அந்த ஐயாமேல் இன்றைக்கும் அவ்வளவு நன்றி இருக்கிறது.

அதனால்தான் ஆவணியில் சூடடிப்பு முடிந்த வயல்களில் புகை எழும்பினால் மனசு பதறுகிறது. எரிக்கிறதுக்கு முதல் பக்கத்துப் பட்டிக்காரருக்கு ஒரு சொல் சொல்லுங்கள், அவர் உழவு மெசினோடு வந்து ஏற்றிக்கொள்வார்.