குற்றவாளியை முதலிலேயே சொல்லிவிட்டால்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் எங்கள் ஆய்வகத்துக்கு வரும் சிப்புகள் எல்லாம் பிணங்கள். வாடிக்கையாளரிடம் போய் உயிரை விட்டுத் திரும்பி வந்தவை. எதனால் போனது என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் ஃபெயிலியர் அனலிசிஸ் வேலை. 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை இங்கே தொடங்கியது. அப்புறம் பினாங்கில் சொந்தக்காரர் ஒருவராவது ‘ஃபேக்டரி’யில் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

பாலத்து நெரிசலில் ஊர்ந்து பட்டர்வொர்த் வந்து சேர்ந்தால், நான் பார்ப்பது அறிவியல் புனைவு, இல்லாவிட்டால் துப்பறியும் தொடர். “அங்கயும் பொணம், இங்கயும் பொணமா?” என்பார் அம்மா.

1966இல் தொடங்கிய ஸ்டார் டிரெக்கில் ட்ரைகார்டர் என்று ஒரு பெட்டி வரும். நீட்டினால் போதும், என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். எங்களிடமும் விலையுயர்ந்த பெட்டிகளுக்குக் குறைவில்லை. எக்ஸ்ரே இருக்கிறது, உள்ளே விரிசல் விட்டிருக்கிறதா என்று ஒலியால் பார்க்கும் நுண்ணோக்கி இருக்கிறது. அவை படம் காட்டும், பதில் சொல்லாது. எதை முதலில் பார்ப்பது என்ற வரிசைதான் முக்கியம். சூடான நைட்ரிக் அமிலத்தை விட்டு மேலே உள்ள கறுப்புப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிட்டால், அதைத் திரும்ப மூட முடியாது. அவசரப்பட்டால் தடயமும் சேர்ந்து கரையும். அதனால் வெளியிலிருந்து பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடிக்கும்வரை அமிலத்தைத் தொடமாட்டோம்.

அதே தொடரில் ஆட்களைக் கரைத்துக் கிரகத்தில் இறக்கும் கருவி வந்ததற்குக் காரணமே பட்ஜெட்தான். வாராவாரம் விண்கலம் தரையிறங்குவதைப் படமாக்கக் கட்டுப்படியாகவில்லை. சிக்கனத்தால் இப்படி நல்லதும் பிறக்கும்.

ஆனால் என் வேலைக்கு நெருக்கமானவர் கொலம்போ என்ற துப்பறியும் போலீஸ்காரர்தான். பீட்டர் ஃபால்க் நடித்து 1971இல் தொடராக வந்தது. கொலை செய்தது யார் என்பதை நமக்கு முதலிலேயே காட்டிவிடுவார்கள். கசங்கிய மழைக்கோட்டில் வரும் அந்த ஆள் எப்படி நிரூபிக்கப் போகிறார் என்பதுதான் கதை. எங்கள் மீட்டிங்கிலும் குற்றவாளி யார் என்பது காப்பி ஆறுவதற்குள் முடிவாகிவிடும்: நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர். நிரூபிக்கும் கட்டத்துக்குத்தான் யாரும் வருவதில்லை.

ஒருமுறை திரும்பி வந்த சிப்புகளில் நிலைமின்சாரம் பாய்ந்து உருகிய புள்ளிகள் இருந்தன. நேப்பாளத்துப் பையன் ஒருவன், உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பை மணிக்கட்டில் போடவில்லை என்று முடிவு கட்டி, எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்துவிட்டார்கள். ஸ்ட்ராப் சோதனைப் பதிவில் அவன் பெயருக்கு நேரே எல்லா நாளும் சரியாகவே இருந்தது. நமக்குச் சுரீர் என்று உறைக்க 3000 வோல்ட் அளவு வேண்டும்; சில சிப்புகளுக்கு 100 வோல்ட்கூட அதிகம். ஆகவே தானே செய்திருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

லைனுக்குப் போய்ச் சும்மா நின்றேன். அவன் ட்ரேக்களை அடுக்கி, டேப்பை ‘சர்’ரென்று இழுத்து ஒட்டினான். மீட்டரை அருகே பிடித்தேன். ஆயிரக்கணக்கில் வோல்ட்.

“அண்ணே, இந்த டேப் எப்போலேர்ந்து?” என்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.

“ஸ்டோர்ல இதான் குடுத்தாங்க தம்பி. பழசு விலை ஜாஸ்தியாம்.”

நிலைமின்சாரம் வராத டேப்பை நிறுத்திவிட்டு, சாதாரண ஸ்டேஷனரி டேப்பை வாங்கியிருக்கிறார்கள். துப்பறியும் தொடர்களுக்கு எப்போதும் ஒரு மனிதன் தேவை, கைவிலங்கு போட. வாங்கும் பிரிவின் படிவத்துக்கு யார் விலங்கு போடுவது?

டேப்பை மாற்றினோம், அந்தக் கோளாறு நின்றது. கொலம்போவில் ஆள் பிடிபட்டதும் கதை முடிந்துவிடும்; அதற்குப் பிறகு வரும் காகித வேலையைக் காட்டமாட்டார்கள். பையனின் கோப்பில் அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லி எச்ஆருக்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன், இந்த முறை மீட்டர் படத்தையும் சேர்த்து.